கேம் ரிமோட்டை கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி? பைத்தான் தெரிந்தால் 9.8-ஐ நீங்களே அளந்து பார்க்கலாம்!

டி.வி. முன்னால் நின்று கையில் இருக்கும் ரிமோட்டை வீசினால், திரையில் டென்னிஸ் மட்டை சுழலும். 2006-ம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'வீ' என்ற கேம் கருவியின் சிறப்பே இதுதான். உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்ற அந்தக் கருவியின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் அதன் ரிமோட்டுக்கு மட்டும் ஆயுசு கெட்டி. இன்றைக்கும் மாணவர்கள் அதைக் கம்ப்யூட்டருடன் இணைத்து என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள்.

'இதெல்லாம் பெரிய ஊர்ல, பெரிய காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு' என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டத்தில் உள்ள கீரனூரில் பிளஸ் டூ கணினி அறிவியல் எடுத்த ஒரு மாணவருக்கும் இது எட்டும் தூரம்தான். காரணம், இதற்குத் தேவையான பைத்தான் மொழி தமிழ்நாட்டின் பிளஸ் டூ பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மார்க்குக்காகப் படிக்கும் அந்தப் பாடத்தை வைத்து, கையில் இருக்கும் ஒரு பொருளின் அசைவைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ரிமோட்டுக்குள் என்ன இருக்கிறது?

வீ ரிமோட் பார்ப்பதற்கு டி.வி. ரிமோட் மாதிரிதான் இருக்கும். உள்ளே நான்கு முக்கியமான சமாச்சாரங்கள் இருக்கின்றன.

முதலாவது, ப்ளூடூத். ரிமோட் தன்னிடம் உள்ள தகவலை ஒயர் இல்லாமல் அனுப்புவது இதன் வழியாகத்தான். வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் பேசும் அதே பாணியில் பேசுவதால், கம்ப்யூட்டரால் அதைக் கேட்க முடிகிறது.

இரண்டாவது, முடுக்கமானி. ஆங்கிலத்தில் ஆக்ஸிலரோமீட்டர். இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என மூன்று திசைகளில் ரிமோட் எவ்வளவு வேகமாக உந்தப்படுகிறது என்பதை இது சொல்லும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3 மடங்கு வரை இது அளக்கும்.

மூன்றாவது, ரிமோட்டின் மூக்கில் இருக்கும் அகச்சிவப்பு கேமரா. இது படம் எடுக்காது. எதிரே தெரியும் அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளில் அதிகபட்சம் நான்கைக் கண்டுபிடித்து, அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். டி.வி.க்கு மேலே வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர். ஆனால் அதில் சென்சாரே கிடையாது! இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் மட்டுமே இருக்கும். அதனால்தான் அந்தப் பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் ஏமாந்துபோய் வேலை செய்கிறது.

நான்காவது, பட்டன்கள், நான்கு நீல விளக்குகள், அதிர்வு மோட்டார், சின்ன ஸ்பீக்கர். இவற்றில் விளக்கையும் மோட்டாரையும் கம்ப்யூட்டரில் இருந்தே இயக்கலாம்.

அசைவை எப்படி உணர்கிறது?

பஸ்ஸில் நின்றபடி போகிறீர்கள். டிரைவர் திடீரென பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது. வண்டி கிளம்பும்போது பின்னால் சாய்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தோம் என்பதை வைத்து பஸ் என்ன செய்தது என்று சொல்லிவிடலாம்.

முடுக்கமானிக்குள் நடப்பதும் இதேதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு சிலிக்கன் கட்டி, ஸ்பிரிங் போன்ற இழைகளில் தொங்குகிறது. ரிமோட் அசையும்போது அந்தக் கட்டி ஒரு பக்கமாக நகர்கிறது. அதற்கும் பக்கத்துத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, அதனால் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றம்தான் எண்ணாக வெளியே வருகிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ரிமோட்டை மேஜை மேல் சும்மா வைத்திருந்தாலும் முடுக்கமானி பூஜ்ஜியம் காட்டாது. புவியீர்ப்பு அந்தக் கட்டியை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டிருப்பதால், மேல்-கீழ் திசையில் ஒரு மடங்கு காட்டும். ரிமோட்டைச் சாய்த்தால் அந்த ஒரு மடங்கு மற்ற திசைகளுக்குப் பிரிந்துபோகும். இதை வைத்துத்தான் சாய்வுக் கோணத்தைக் கணக்கிடுகிறார்கள்.

பூட்டைத் திறந்தது யார்?

நின்டெண்டோ இந்த ரிமோட் எந்த மொழியில் பேசுகிறது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. திண்டுக்கல் பூட்டுக்குச் சாவி தொலைந்துபோனால், கைதேர்ந்தவர் என்ன செய்வார்? உள்ளே உள்ள நெம்புகோல்களைத் தடவிப் பார்த்தே புதுச் சாவி செய்வார். உலகம் முழுக்க இருந்த ஆர்வலர்கள் செய்ததும் அதுதான். ரிமோட் அனுப்பும் தகவல்களை ஒவ்வொரு பைட்டாகப் பிரித்துப் பார்த்து, எந்த எண் எந்தப் பட்டன், எந்த எண் எந்தத் திசை என்று கண்டுபிடித்து எழுதி வைத்தார்கள்.

அதைப் பயன்படுத்திப் பெரிதாகப் பேசப்பட்டவர் ஜானி சங் லீ. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தபோது, 2007-ல் வீ ரிமோட்டையும் அகச்சிவப்புப் பேனாவையும் வைத்து சாதாரண திரையை டச் போர்டாக மாற்றிக் காட்டினார். ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள ஸ்மார்ட் போர்டு செய்யும் வேலையில் பெரும்பகுதியை, சுமார் 50 டாலரில் செய்ய முடியும் என்று 2008 டெட் மேடையில் விளக்கினார். பிறகு அவர் மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' உருவாக்கத்திலும் பங்கேற்றார்.

இந்தியாவிலும் இதே பாணியில் யோசித்தவர் ஒருவர் உண்டு. குஜராத்தைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி, 2009 நவம்பரில் மைசூருவில் நடந்த டெட் இந்தியா மேடையில் தன் ஆரம்பகாலச் சோதனை ஒன்றைச் சொன்னார். பழைய பந்து மவுஸ்களைப் பிரித்து, அவற்றில் இருந்த உருளைகளை எடுத்து, கை அசைவை உணரும் கருவி செய்தாராம். செலவு? வெறும் இரண்டு டாலர்!

என்னென்ன வேண்டும்?

1. ஒரு வீ ரிமோட். பழைய கேம் பொருட்கள் விற்கும் இடங்களில், ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாகத் தேடலாம். வாங்கும்போது பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி கசிந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வாங்க வேண்டாம்.

2. இரண்டு ஏஏ பேட்டரி.

3. ப்ளூடூத் உள்ள கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப். ப்ளூடூத் இல்லையா? யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் டாங்கிள் போதும்.

4. லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸிலும் முடியும், ஆனால் ரிமோட்டை இணைக்கும்போதே பாஸ்வேர்டு கேட்டு இழுத்தடிக்கும். லினக்ஸில் 2011-ல் வந்த 3.1 பதிப்பில் இருந்தே வீ ரிமோட்டுக்கான டிரைவர் கூடவே வருகிறது. அதே 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' சேர்த்துத்தான் கொடுத்தார்கள். லினக்ஸ் நம் மாணவர்களுக்குப் புது விருந்தாளி இல்லை.

5. பைத்தான் 3, கூடவே 'இவ்டெவ்' என்ற நூலகம். கீபோர்டு, மவுஸ், கேம் ரிமோட் போன்றவற்றில் இருந்து லினக்ஸுக்கு வரும் தகவலை பைத்தானுக்கு எடுத்துக்கொடுப்பது இதன் வேலை. 'பிப்' மூலம் நிறுவிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை: பழைய வழிகாட்டிகள் பலவற்றில் 'சிவீட்' என்ற நூலகத்தைச் சொல்லியிருப்பார்கள். அது பைத்தான் 2 காலத்துச் சரக்கு. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதைப் பிடித்துத் தொங்கி நாளை வீணாக்க வேண்டாம்.

இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் ப்ளூடூத் அமைப்பைத் திறந்து தேடச் சொல்லுங்கள். ரிமோட்டில் 1, 2 என்ற இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். நீல விளக்குகள் மினுக்க ஆரம்பிக்கும். பேட்டரி மூடிக்குள் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தியும் இதைச் செய்யலாம். 1, 2 அழுத்துவது தற்காலிக இணைப்புக்கு, சிவப்பு பட்டன் நிரந்தர இணைப்புக்கு.

சில விநாடிகளில் 'நின்டெண்டோ ஆர்விஎல்-சிஎன்டி-01' என்ற பெயர் பட்டியலில் தெரியும். விளக்கு மினுக்குவது நிற்பதற்குள் அதைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். நின்றுவிட்டால் மறுபடியும் பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள்.

இணைந்ததும் லினக்ஸ் இந்த ஒரே ரிமோட்டைப் பல கருவிகளாகக் காட்டும். பட்டன்களுக்கு ஒன்று, முடுக்கமானிக்கு ஒன்று, அகச்சிவப்பு கேமராவுக்கு ஒன்று. 'ரிமோட் கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா அசைச்சா ஒண்ணுமே வரலை' என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். பட்டன் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு அசைவைத் தேடினால் எப்படி வரும்? பெயரில் 'ஆக்ஸிலரோமீட்டர்' என்று இருக்கும் கருவியைத் திறக்க வேண்டும்.

'அனுமதி இல்லை' என்று பிழை வந்தாலும் பயப்பட வேண்டாம். கீபோர்டில் நாம் தட்டுவதை வேறு நிரல்கள் ஒட்டுக்கேட்காமல் இருக்க லினக்ஸ் போட்டிருக்கும் காவல் அது. உங்கள் பயனர் பெயரை 'இன்புட்' என்ற குழுவில் சேர்த்துவிட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் சரியாகிவிடும்.

பைத்தானில் என்ன எழுத வேண்டும்?

நிரல் நீளமானது இல்லை. அதன் படிகள் இவைதான்:

- இவ்டெவ் நூலகத்தை அழைப்பது.
- இணைந்திருக்கும் கருவிகளை வரிசையாகப் பார்த்து, பெயரில் 'ஆக்ஸிலரோமீட்டர்' இருப்பதைத் தேர்ந்தெடுப்பது.
- ஒரு சுழற்சிக்குள் அந்தக் கருவியில் இருந்து வரும் ஒவ்வொரு நிகழ்வையும் படிப்பது.
- நிகழ்வின் குறியீடு ஆர்எக்ஸ் என்றால் இடம்-வலம், ஆர்ஒய் என்றால் முன்-பின், ஆர்இசட் என்றால் மேல்-கீழ். அந்தந்த மதிப்பை ஒரு மாறியில் போட்டு வைப்பது.

மதிப்புகள் மைனஸ் 500-ல் இருந்து 500-க்குள் வரும். ரிமோட்டை அசையாமல் வைத்தால் மேல்-கீழ் திசையில் சுமார் 100 காட்டும். அதாவது சுமார் 100 என்றால் ஒரு மடங்கு புவியீர்ப்பு.

இன்னொரு சந்தோஷமான சேதி. பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'சாய்வு', 'கோணம்', 'விழுநேரம்' என்று எழுதினாலும் நிரல் ஓடும்.

பக்கவாட்டுச் சாய்வு வேண்டும் என்றால், இடம்-வலம் மதிப்பையும் மேல்-கீழ் மதிப்பையும் 'ஏடேன்2' என்ற கணிதச் செயல்பாட்டுக்குக் கொடுத்து, வரும் விடையை டிகிரியாக மாற்றினால் போதும். முக்கோணவியலில் படித்த நேர்மாறு டேன்ஜென்ட்தான் அது. எண் நடுங்கிக்கொண்டே இருக்கிறதா? கடைசி 5 மதிப்புகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், அடங்கிவிடும்.

செமினாரில் ஸ்லைடு மாற்ற முடியுமா?

தாராளமாக. இவ்டெவ் நூலகத்திலேயே 'யுஇன்புட்' என்ற வசதி இருக்கிறது. இது ஒரு பொய்க் கீபோர்டை உருவாக்கும். ரிமோட்டை வலப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் சாய்த்தால் வலது அம்புக்குறி, இடப்பக்கம் சாய்த்தால் இடது அம்புக்குறி அழுத்தியதாகச் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. 30 டிகிரியைத் தாண்டி வைத்திருக்கும் வரை அம்புக்குறி அழுத்திக்கொண்டே இருக்கும், பத்து ஸ்லைடு பறந்துவிடும். அதனால் ஒரு முறை மாற்றியதும், ரிமோட் 15 டிகிரிக்குக் கீழே திரும்பி வந்த பிறகுதான் அடுத்ததை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும்.

இதே உத்தி வெறும் விளையாட்டோடு நிற்பதில்லை. விரல்களால் கீபோர்டைத் தட்ட முடியாத, ஆனால் மணிக்கட்டையோ முழங்கையையோ அசைக்க முடிந்த ஒருவருக்கு, கையில் கட்டிய ரிமோட்டே கீபோர்டாக மாறும். எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்பதை அவரவர் உடம்புக்கு ஏற்றபடி நிரலில் ஒரு எண்ணை மாற்றியே சரிசெய்யலாம்.

9.8-ஐ அளப்பது எப்படி?

இயற்பியலில் ஒவ்வொரு கணக்கிலும் வரும் எண் 9.8. புவியீர்ப்பு முடுக்கம். புத்தகத்தில் இருப்பதால் எழுதுகிறோம். அதை ரிமோட்டை வைத்து நாமே கண்டுபிடிக்கலாம்.

தானாகக் கீழே விழும் பொருளில் இருக்கும் முடுக்கமானி பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். கட்டியும் விழுகிறது, அதைச் சுற்றி இருக்கும் பெட்டியும் அதே வேகத்தில் விழுகிறது. ஒன்றை ஒன்று தள்ளாது. ஆக, மதிப்பு எப்போது பூஜ்ஜியத்துக்கு இறங்கியது, எப்போது திடீரென எகிறியது என்று தெரிந்தால் விழுந்த நேரம் கிடைத்துவிடும்.

செய்முறை இதுதான். முதலில் ரிமோட்டை நேராகவும் தலைகீழாகவும் மேஜையில் வைத்து, மேல்-கீழ் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரிதான் உண்மையான பூஜ்ஜியம், வித்தியாசத்தில் பாதிதான் ஒரு மடங்கு. மற்ற இரண்டு திசைகளுக்கும் இப்படியே செய்யுங்கள். பிறகு கட்டில் மேல் இரண்டு தலையணையை அடுக்கி, அதற்கு மேலே 1.2 மீட்டர் உயரத்தில் இருந்து ரிமோட்டைச் சுழற்றாமல் விட்டுவிடுங்கள்.

மூன்று திசை மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மொத்த முடுக்கம். அது ஒரு மடங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் நேரம் தொடக்கம், மறுபடி மேலே ஏறும் நேரம் முடிவு. இடைப்பட்டது விழுநேரம். உயரத்தை இரண்டால் பெருக்கி, விழுநேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை. 1.2 மீட்டருக்கு விழுநேரம் சுமார் 0.49 விநாடி வர வேண்டும்.

கவனிக்க: மதிப்பு மாறினால் மட்டுமே லினக்ஸ் நிகழ்வை அனுப்பும். அதனால் எத்தனை நிகழ்வு வந்தது என்று எண்ணி நேரத்தைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். ஒவ்வொரு நிகழ்வுடனும் வரும் நேரக் குறிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். நேரத்தில் 0.01 விநாடி பிசகினாலே விடையில் சுமார் 4 சதவீதம் மாறும். எனவே பத்து முறை போட்டுப் பார்த்து சராசரி எடுங்கள். 9.5 வந்தாலும் 10.1 வந்தாலும் அது உங்கள் கையால் அளந்த எண். எங்கே பிசகியது என்று யோசிப்பதும் படிப்புதான்.

எது முடியாது?

முடுக்கமானியை மட்டும் வைத்து ரிமோட் அறையில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. முடுக்கத்தில் வரும் சின்னப் பிழை, தூரமாக மாற்றும்போது பூதாகாரமாகிவிடும். ஒரு மடங்கில் நூற்றில் ஒரு பங்கு பிழை இருந்தாலே, 10 விநாடியில் ரிமோட் 5 மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகக் காட்டும்.

அதேபோல, படுக்கவைத்த ரிமோட்டை கடிகார முள் மாதிரி மெதுவாகத் திருப்பினால் முடுக்கமானிக்குத் தெரியாது. புவியீர்ப்பின் திசை மாறவே இல்லையே! இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2009-ல் 'மோஷன் பிளஸ்' என்ற இணைப்பில் சுழற்சியை உணரும் கைரோஸ்கோப்பைச் சேர்த்தார்கள்.

வீ ரிமோட் கிடைக்கவில்லை என்றால்?

பி.எஸ்.4 கன்ட்ரோலர் இருந்தால் அதுவே போதும். அதிலும் முடுக்கமானி, கைரோஸ்கோப் இரண்டும் உண்டு. லினக்ஸ் அதை 'மோஷன் சென்சார்ஸ்' என்ற தனிக் கருவியாகக் காட்டும். ஆனால் ஒரு வித்தியாசம்: வீ ரிமோட்டில் முடுக்கத்துக்கு வரும் ஆர்எக்ஸ், ஆர்ஒய், ஆர்இசட் குறியீடுகள், இதில் சுழற்சியைக் குறிக்கும். முடுக்கத்துக்கு எக்ஸ், ஒய், இசட். அளவும் வேறு, ஒரு மடங்குக்கு 8192. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் விடை கோணல்மாணலாக வரும். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் என்றால் லினக்ஸ் 5.16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரிமோட்டின் மணிக்கட்டுக் கயிற்றை மாட்டாமல் வீசாதீர்கள். வீ வெளியான புதிதில் கயிறு அறுந்து ரிமோட்கள் பறந்த புகார்களால், 2006 டிசம்பரில் நின்டெண்டோ 32 லட்சம் கயிறுகளை மாற்றித்தர வேண்டிவந்தது.

கடைசி வருட ப்ராஜெக்டை காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிவிடலாம். ஆனால் வைவாவில் 'ஏன் இங்க 15 டிகிரின்னு வச்சிருக்க?' என்று கேட்டால், பத்து ஸ்லைடு பறந்துபோனதைப் பார்த்தவருக்குத்தான் பதில் தெரியும்.